பேல்வேர்ல்ட்: கேக் சரி, கேல்கிளா எங்கே?

ஸ்டீம் இணையக் கடையில் விலை குறைந்திருக்கிறது, பேல்வேர்ல்ட் கணினி விளையாட்டை வாங்கலாமா என்று பாலிடெக்னிக்கில் கூடப் படித்த நண்பன் கேட்டிருந்தான். 2024 ஜனவரியில் வந்ததிலிருந்து விட்டு விட்டு ஆடுகிறேன். பேல் என்ற விலங்குகளைப் பிடித்து வேலை வாங்குவது, தளம் கட்டுவது எல்லாம் அவனுக்கே தெரியும் என்பதால் நேராகக் கேக்குக்கு வருகிறேன்.

ஆம், கேக். இரண்டு பேல்களைச் சேர்த்துப் புதுப் பேல் பொரிக்கும் முட்டை வேண்டுமென்றால் கேக் வைத்தாக வேண்டும். மாவு 5, சிவப்பு பெர்ரி 8, பால் 7, முட்டை 8, தேன் 2. தொழுவத்தில் மொசரினா பால் தரும், சிக்கிப்பி முட்டையிடும், பீகார்ட் தேன் தரும். கோதுமை விதைக்க ஒன்று, தண்ணீர் ஊற்ற ஒன்று, பறிக்க ஒன்று. மாவு ஆலையைச் சுற்றத் தண்ணீர்ப் பேல், அடுப்புக்கு நெருப்புப் பேல். இவ்வளவும் கூடி வந்தால்தான் ஒரு கேக். வேலை முடிந்து சிங்கப்பூர் ஈசூன் வீட்டுக்கு வந்து, கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இதுகள் ஓடியாடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். பென்கிங், புஷி என்ற பேல்களைச் சேர்த்து அனுபிஸ் என்ற பேல் வந்த அன்று, கைவேலையில் 4ஆம் நிலை ஆள் கிடைத்துவிட்டான் என்று அக்காவுக்கே போன் போட்டுச் சொன்னேன். வேலை அதிகமானால் பேல்களுக்கு மனநிலை கெடும். வெந்நீர்க் குளம் கட்டிக் கொடுத்தால் தேறிவிடும். எங்கள் ஆபீசில் அந்த வசதி இல்லை.

இனி வயிற்றெரிச்சல். கேல்கிளா என்று ஒரு பறவைப் பேல். மலை விளிம்பில் குதித்தால் தலைக்கு மேலே வந்து நிற்கும். அதன் காலைப் பிடித்துத் தொங்கியபடியே கீழே சுடலாம். 2025 மே மாதப் புதுப்பிப்போடு அது போயிற்று. இப்போது காற்றில் மிதக்கும் கருவியான கிளைடர் ஒன்றைச் செய்து பையில் வைத்திருந்தால்தான் மிதக்க முடியும். குழுவில் கேல்கிளா இருந்தால் பலன் மட்டும் உண்டு, ஆளைக் காணோம். ஜூன் விடுமுறைக்கு வந்த அக்கா மகன் கேட்டான்: “மாமா, அந்தப் பறவைக்கு லீவா?”

அதற்கு முன்பே, 2024 நவம்பரில், பேலைப் பிடித்து வைத்திருக்கும் உருண்டையை வீசி அதை வரவழைப்பதையும் எடுத்திருந்தார்கள். இப்போது பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் வந்து நிற்கிறது. பாறையைக் குறிபார்த்து வீசினால் அங்கேயே இறங்கி வெட்ட ஆரம்பிக்குமே, அந்த ருசி இதில் இல்லை.

நியாயமாகச் சொன்னால், ஆட்டத்தைச் செய்தவர்கள் ஆசைப்பட்டுச் செய்த மாற்றம் இல்லை இது. 2024 செப்டம்பரில் நிண்டெண்டோவும் போகிமான் கம்பெனியும் தோக்கியோ நீதிமன்றத்தில் இவர்கள் மீது போட்ட காப்புரிமை வழக்குதான் காரணம் என்று ஆட்டத்தைச் செய்தவர்களே அறிவித்துவிட்டார்கள். நடுவில் சகுராஜிமா, ஃபேபிரேக் என்று இரண்டு தீவுகளை இலவசமாகவும் சேர்த்தார்கள். அதெல்லாம் சரி. மலை உச்சியில் நிற்கும்போது இந்த நியாயம் எதுவும் மண்டையில் ஏறுவதில்லை.

வாங்காதே என்றுதான் அவனுக்குப் பதில் போட்டேன். மீறி வாங்கினால் அழைப்புக் குறியீடு அனுப்புகிறேன், என் உலகத்திலேயே சேர்ந்துகொள்ளலாம், நாலு பேர் வரை ஆடலாம். தேன் பெட்டியில் மட்டும் கை வைக்கக் கூடாது.