கூத்தும் மெய்யியலும் சேர்த்து ஆய்வு: ஓராண்டு முதுகலையா, ஈராண்டா, முதுதத்துவமாணியா?

கிழக்கிலங்கையின் பல்கலைக்கழக வளாகங்கள் உள்ள வந்தாறுமூலையிலோ கல்லடியிலோ ஒலுவிலிலோ முதற்பட்டம் முடித்து, கலையையும் மெய்யியலையும் ஒருசேர மேலே படிக்க விரும்புகிறவர் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு முன் பட்டத்தின் மட்டத்தைப் பார்க்கவேண்டும். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பாடநெறி வழியான முதுகலைமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வேடும் சேர்ந்த ஈராண்டுப் படிப்பு 10ஆம் மட்டம், 60 கிரெடிட். முதுதத்துவமாணி (M.Phil.) 11ஆம் மட்டம். அது முழுக்க ஆய்வுதான்.

ஓராண்டுப் படிப்பைக் குறைசொல்ல முடியாது. நாடகமோ சங்கீதமோ படித்து, அளவையியலையும் அழகியல் கோட்பாடுகளையும் தொடாமல் வந்தவருக்கு அது நல்ல அடித்தளம். ஆனால் பல்கலைக்கழக ஆசிரியப் பணியில் சிரேஷ்ட விரிவுரையாளராக உயர, ஆய்வேட்டுடன் கூடிய ஈராண்டுப் பட்டமாவது வேண்டும். இதைச் சேர்ந்த பிறகு அறிகிறவர்களே அதிகம்.

இன்னொரு இடர், நம் மட்டக்களப்புப் பகுதியின் நாட்காட்டி. கண்ணகி அம்மன் சடங்கும், அதன் முடிவில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியும் வைகாசியில். ஓராண்டுப் படிப்பில், தையில் வகுப்பு தொடங்கி, ஆடியில் சிறு ஆய்வுக்கான முன்மொழிவுக்கு அனுமதி கிடைத்தால் அந்த வைகாசி போய்விட்டது. அடுத்தது வருமுன் ஆய்வறிக்கையைக் கொடுக்கவேண்டும். ஈராண்டில், முதல் வைகாசியில் பார்த்துக் குறிப்பெடுத்து, மறு வைகாசியில் ஒலி, ஒளிப் பதிவு செய்யலாம். கூத்தும் அப்படித்தான். அரங்கேற்றத்துக்கு மட்டும் போகிறவருக்கு, மாதக்கணக்கில் இரவு இரவாக, கூத்துப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் ஆட்டத்தையும் பாட்டையும் திருத்திய விதம் கிடைக்காது. ஆய்வுக்குரிய பொருளே அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. சடங்கையோ கூத்தையோ எடுப்பவருக்கு ஓராண்டு வழி வேண்டாம் என்றே சொல்வோம்.

முதுதத்துவமாணியில் காலம் உண்டு, வகுப்பு இல்லை. அதனால் உங்கள் வாசிப்பில் உள்ள ஓட்டையைச் சுட்டிக்காட்ட ஆளில்லாமல் போகலாம். மேற்பார்வையாளர் ஒருவர் மட்டும் என்றால் ஏடு ஒரு பக்கம் சாயும்: மெய்யியல் பரீட்சகர் ‘இது வெறும் விவரணம்’ என்பார், அரங்கியல் பரீட்சகர் ‘கூத்தாடும் களரியையே காணோம்’ என்பார். ‘மட்டக்களப்புக் கூத்தும் அழகியலும்’ போன்ற அகன்ற தலைப்புத்தான் இதற்கு வழிவிடுகிறது. அதற்குப் பதிலாக, ‘சடங்கில் தெய்வம் ஏறி ஆடுகிறவரை நடிகர் எனலாமா?’ என்று கேளுங்கள். கள ஆய்வும் மெய்யியலும் ஒன்றில்லாமல் மற்றது நகராது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் செய்தது இதுவே: பழைய யாழ் எப்படி இருந்தது, எப்படி ஒலித்தது என்ற கேள்விக்காகவே சிலப்பதிகாரமும் இசையும் கணிதமும் ஒன்றுகூடின.

டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கலைகளுக்கும் அழகியலுக்கும் தனிப் புலமே உண்டு. அங்கே அரங்கையும் சினிமாவையும் காட்சிக் கலையையும் கோட்பாட்டோடு படிக்கலாம். படிப்பு ஆங்கிலத்தில். களம் இங்கே இருப்பதால் வைகாசிப் பயணச் செலவைக் கணக்கில் சேருங்கள்.

சிறப்புப் பட்டமும், தொடங்கிவிட்ட களப்பதிவும் கையில் இருந்தால் முதுதத்துவமாணி. மற்றவர்களுக்கு 10ஆம் மட்டமே பொருத்தம். எதுவானாலும், விண்ணப்பத்துக்கு முன் இரு துறையிலும் ஒவ்வொரு மேற்பார்வையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். முன்மொழிவை இரண்டு பக்கத்தில் இருவருக்கும் கொடுத்து, ஒவ்வோர் அத்தியாயத்தையும் யார் முதலில் பார்ப்பது என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.