‘உடம்பிலேயே இருப்பதுதான்’ என்று விற்கப்படும் ஊசி

என் தம்பி மகன் கைப்பந்து ஆடுகிறான். எகிறி எகிறி அடித்ததில் முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் நைந்துவிட்டது. எலும்பு மருத்துவர் அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்றார். சிறிது சிறிதாக எடை கூட்டும் பயிற்சி, பிசியோதெரபி, பொறுமை. சில மாதங்கள் ஆகும் என்றார். மாநில அணித் தேர்வோ அதற்கு முன்பே வருகிறது. இந்த அவசரத்தில்தான் சென்னையில் உள்ள ஒரு ‘நலவாழ்வு மையம்’ புகுந்தது.

பெப்டைடு சிகிச்சையாம். பெப்டைடு என்றால் புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. “இது மருந்தே இல்லை சார். உடம்பில் ஏற்கெனவே இருப்பதுதான். உடம்பு தானாக ஆறுவதற்குக் கொஞ்சம் துணை செய்கிறோம், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் ஓடுவான்” என்று மையத்தின் ஆலோசகர் தம்பியிடம் சொன்னார். ஆலோசகர் மருத்துவர் அல்லர் என்பது பின்னால் தெரிந்தது. அறுபதாயிரம் ரூபாயை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். ரசீதில் மருந்தின் பெயர் இல்லை, ‘நலவாழ்வுத் தொகுப்பு’ என்று மட்டும் இருந்தது. மருந்துச் சீட்டும் தரவில்லை. முதல் சில ஊசிகளை அங்கேயே போட்டார்கள். மீதியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளும்படி தூள் அடங்கிய குப்பிகளையும் கலக்கும் நீரையும் இன்சுலின் ஊசிகளையும் கொடுத்தனுப்பினார்கள்.

குப்பியில் மையத்தின் பளபளப்பான ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. குளிர்பதனப் பெட்டியின் ஈரத்தில் அது உரிந்துவந்தபோது அடியில் இன்னொரு லேபிள்! பி.பி.சி-157 என்ற பெயரும், ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அன்று’ என்ற ஆங்கில வரியும் இருந்தன. தயாரிப்பாளர் முகவரி, உற்பத்தி உரிம எண், காலாவதித் தேதி எதுவும் இல்லை. இருமல் மருந்துப் புட்டியில்கூட இவையெல்லாம் இருந்தாக வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். மூடி மறைக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த வரியின் பொருள் தெரியாமலா இருந்திருக்கும்?

இரைப்பைச் சாற்றில் உள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று சொல்லப்பட்டாலும், பி.பி.சி-157 ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகக் கோக்கப்படும் 15 அமினோ அமிலச் சங்கிலி. குரோஷியாவின் ஜாக்ரெப் நகர ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்துவருகிறார்கள், பெரும்பாலும் எலிகளில். எலியின் தசைநாண் விரைவாக ஆறியது உண்மைதான். மனிதரிடம் முறையாக நடந்த பெரிய சோதனை எதுவும் இல்லை. புதிய இரத்தக் குழாய்களை வளரத் தூண்டுவதாகக் கருதப்படுவதால், உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் புற்றுநோய்க் கட்டிக்கும் அது தீனி போடுமோ என்ற கவலையும் உண்டு. இந்தியாவில் இதற்கு மருந்தாக ஒப்புதல் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023-இல் இதைப் பாதுகாப்புக் கவலை உள்ள பொருள்களின் பட்டியலில் வைத்தது.

பெப்டைடு என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. இன்சுலினும் அந்தக் குடும்பம்தான். எலும்பு மெலிவு நோய்க்குப் போடப்படும் டெரிபாரடைடும் அப்படியே. அவை சோதிக்கப்பட்டவை, உரிமம் பெற்றவை, மருந்துக்கடையில் பில்லோடு கிடைப்பவை. அந்த நல்ல பெயரில்தான் இவர்கள் சவாரி செய்கிறார்கள்.

எனக்கு ஆறாத ஆத்திரம் வேறொன்றில். பையன் போட்டியாளன் என்று தெரிந்தேதான் ஊசி போட்டார்கள். 2022 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் பி.பி.சி-157 பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. போட்டி நாளில் மட்டும் அல்ல, எந்த நாளிலும் தடை. இதோடு சேர்த்து விற்கப்படும் டி.பி-500 என்ற இன்னொரு பெப்டைடுக்கும் அதே கதி. சோதனையில் சிக்கினால் ‘மையத்தில் கொடுத்தார்கள்’ என்ற சாக்கு எடுபடாது. உடம்பில் இருப்பதற்கு வீரனே பொறுப்பு. குப்பியின் படத்தைப் பார்த்த பயிற்சியாளர் தேர்வுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். முழங்கால் வலியும் அப்படியேதான் இருக்கிறது.

பணத்தைக் கேட்கப் போனோம். திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம். வேண்டுமானால் அதே தொகைக்கு முடி வளர்க்கும் பெப்டைடு தருவார்களாம். என் தலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்களோ என்னவோ.

குப்பியோடும் ரசீதோடும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம். இதேபோல் சிக்கியவர்கள் குப்பியைத் தூக்கி எறியாதீர்கள், ஸ்டிக்கரை உரித்துப் படம் எடுத்து வையுங்கள். பணம் தொடர்பான புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஊசிக்குப் பிறகு உடம்புக்கு ஏதேனும் ஆனால் முதலில் மருத்துவரிடம் போங்கள், கையில் அந்தக் குப்பியும் இருக்கட்டும்.