பெர்லினில் படைப்பு வேலை: ஃப்ரீலான்ஸ் ஏற்பாட்டின் நீண்டகால அனுபவம்

ஓவியம், கிராஃபிக் டிசைன், அனிமேஷன், இசை, எழுத்து என்று ஏதோ ஒரு திறமையோடு பெர்லினுக்கு வருபவர்கள் முதல் மாதத்தைப் போர்ட்ஃபோலியோவை மெருகேற்றுவதில் செலவிடுகிறார்கள். அந்த மாதம் ஆவண வேலைக்குப் போக வேண்டியது. இங்கே படைப்புத் துறையில் மாதச் சம்பள வேலை குறைவு. இருப்பதிலும் பல இடங்களில் சரளமான ஜெர்மன் கேட்பார்கள். மிச்சமெல்லாம் பில் போட்டுப் பணம் வாங்கும் ஃப்ரீலான்ஸ் வேலை. பில் போடும் உரிமை, வரி எண், காப்பீடு மூன்றும் கையில் இல்லாதபோது நல்ல வாய்ப்பு வந்தால், கைக்கெட்டியது வாய்க்கெட்டாத கதைதான்.

எல்லாவற்றுக்கும் முன், வசிப்பு அனுமதி அட்டையையும் அதோடு தந்த பச்சைத் தாளையும் படியுங்கள். வேலை செய்யும் உரிமை அங்கேதான் எழுதியிருக்கும். குடும்ப இணைவு அனுமதியில் வந்த கணவன் அல்லது மனைவிக்குச் சம்பள வேலை, சொந்தத் தொழில் இரண்டுக்கும் தடையில்லை. ஐடி வேலையில் இருப்பவரோடு வந்திருக்கும் தமிழ்ப் பெண்கள் பலருக்கு இந்த உரிமை கையிலேயே இருப்பது தெரிவதில்லை. தனி ஃப்ரீலான்ஸ் விசா வேண்டுமென்று நினைத்து ஆண்டுகளை வீணாக்குகிறார்கள், அது வேண்டியதில்லை. ப்ளூ கார்டு எனும் உயர்தகுதிப் பணியாளர் அனுமதி வைத்திருப்பவரின் நிலை வேறு. வார இறுதியில் ஒரு லோகோ வரைந்து பில் போடுவதற்கும் வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். மாணவர்களுக்கும் அப்படியே. ஆண்டுக்கு 140 முழு நாள் என்ற கணக்கு சம்பள வேலைக்கானது, ஃப்ரீலான்ஸுக்குத் தனி அனுமதி தேவை.

இவை எதுவும் பொருந்தாதவர்களுக்கு, ஃப்ரீலான்ஸ் தொழிலுக்கென்று வசிப்பு அனுமதி தரும் வசிப்புச் சட்டத்தின் பிரிவு 21, உட்பிரிவு 5 இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஊரிலுள்ள ஜெர்மன் தூதரகத்தில் விசா வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் கடவுச்சீட்டு இருந்தால் இங்கே வந்து இறங்கிய பிறகு விண்ணப்பிக்கலாம். மனுவின் உயிர் வாடிக்கையாளர் கடிதம். குறைந்தது இரண்டு வேண்டும், ஜெர்மனியில் இருப்பவர்கள் தந்ததாக இருக்க வேண்டும். “இவருடைய திறமை எங்களுக்குப் பிடித்திருக்கிறது, சேர்ந்து பணியாற்ற விரும்புகிறோம்” என்று மட்டும் எழுதியிருந்தால் பயனில்லை. என்ன வேலை, மாதத்துக்கு எத்தனை நாள், நாளுக்கு எத்தனை யூரோ, எந்த மாதம் தொடங்கி எதுவரை என்று நான்கும் அதில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் எல்லாரும் சென்னையிலோ டொரன்டோவிலோ இருந்தால், நல்ல வருமானம் இருந்தும் மனு தளர்ந்துவிடும். பயணக் காப்பீட்டை ஏற்கமாட்டார்கள். குறிப்பிட்ட ஆண்டுகளில் முடிந்துபோகும் மலிவான வெளிநாட்டவர் காப்பீடுகளும் பலமுறை இங்கேதான் சிக்குகின்றன. வயது 45 தாண்டியிருந்தால், இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களைத் தவிர மற்றவர்களிடம் முதுமைக்கால வருமானத்துக்கும் ஆதாரம் கேட்பார்கள்.

வரி எண் விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வீட்டில் குடியேறிய 14 நாளுக்குள் முகவரிப் பதிவு செய்தால், தபாலில் 11 இலக்க அடையாள எண் ஒன்று வரும். அது பில்லில் போடும் எண் இல்லை. பில்லுக்கு வேண்டியது, எல்ஸ்டர் எனும் வரித்துறை இணையதளத்தில் தொழில் பதிவுப் படிவம் நிரப்பிய பிறகு வரி அலுவலகம் தரும் ஸ்டொயர்நும்மர் எனும் வரி எண். எல்ஸ்டர் கணக்கைத் திறக்கும் குறியீடு தபாலில் வர நாளாகும் என்பதால், வாடிக்கையாளர் கிடைக்கும்வரை காத்திராமல் அதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள்.

அந்தப் படிவத்தில் இரண்டு இடங்களில் கை தவறும். முதலாவது, எதிர்பார்க்கும் லாபம். உற்சாகத்தில் பெரிய தொகையை எழுதினால் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் 10ஆம் தேதிகளில் முன்கூட்டிய வரி கட்டச் சொல்லிக் கடிதம் வரும், வருமானம் வருவதற்கு முன்பே. இரண்டாவது, தொழில் விவரம். “புத்தகங்களுக்கும் இதழ்களுக்கும் ஓவியம்” என்றால் அது சுதந்திரத் தொழில். அதே ஓவியத்தைச் சட்டையிலும் கோப்பையிலும் அச்சிட்டு விற்றால் அது வணிகம். தனிப் பதிவு வேண்டும். ஓவியராகப் பணிபுரிய மட்டும் அனுமதி பெற்றவர் இணையத்தில் கடை திறந்தால், அனுமதியின் எல்லையைத் தாண்டியதாகிவிடும்.

சிறு தொழில்முனைவோர் சலுகையை எடுத்தால் பில்லில் விற்பனை வரி சேர்க்க வேண்டியதில்லை. 2025 முதல் அதன் எல்லை, முந்தைய ஆண்டில் 25,000 யூரோ, நடப்பு ஆண்டில் 1,00,000 யூரோ. தொடக்கத்தில் இது நிம்மதி. ஆனால் அயர்லாந்திலிருந்து வரியில்லாமல் பில் வரும் மென்பொருள் சந்தாவுக்கு 19% வரியை நீங்களே கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும்; சலுகை இதற்குப் பொருந்தாது. பலருக்கு இது மூன்றாம் ஆண்டில் மொத்தமாகத்தான் தெரிய வருகிறது.

அடுத்தது, இந்த ஏற்பாட்டிலேயே மிகச் சிறந்த பகுதி: கேஎஸ்கே எனப்படும் கலைஞர் சமூகக் காப்பீட்டு நிதியம். 1983 முதல் நடைமுறையில் இருக்கிறது, அலுவலகம் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில். சம்பளக்காரருக்கு முதலாளி பாதி கட்டுவதுபோல், ஃப்ரீலான்ஸ் கலைஞருக்கும் எழுத்தாளருக்கும் மருத்துவம், நீண்டகாலப் பராமரிப்பு, ஓய்வூதியம் என மூன்று காப்பீட்டிலும் ஏறக்குறைய பாதியை இது கட்டுகிறது. அந்தப் பாதியில் ஒரு பங்கு அரசு மானியம், மற்றது கலைஞர்களிடம் வேலை வாங்கும் நிறுவனங்கள் செலுத்தும் தீர்வை. ஆண்டு லாபம் 12,000 யூரோ என்று வையுங்கள். 2025ஆம் ஆண்டு விகிதத்தில் மூன்றுக்கும் சேர்த்து உங்கள் பங்கு மாதம் சுமார் 200 யூரோ வந்தது. கேஎஸ்கே இல்லாமல் அரசுக் காப்பீட்டில் தாமே விரும்பிச் சேர்ந்தவருக்கு, குழந்தை இல்லையென்றால், மருத்துவத்துக்கும் பராமரிப்புக்குமே மாதம் 250 யூரோவைத் தாண்டும்; ஓய்வூதியம் அதில் இல்லை.

சேர, ஆண்டு லாபம் 3,900 யூரோவுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டும். தொழில் தொடங்கிய முதல் 3 ஆண்டுகளுக்கு இந்த வரம்பு இல்லை. பிறகும் 6 ஆண்டுக்குள் இருமுறைவரை வருமானம் அதற்குக் கீழே போனால் காப்பீடு பறிபோகாது. படைப்புத் தொழிலில் வறண்ட ஆண்டு வரும் என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் இது. மனதாரப் பாராட்ட வேண்டும்.

மனு தள்ளுபடியாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: அழகான போர்ட்ஃபோலியோ இருக்கும், பணம் வாங்கியதற்குச் சான்று இருக்காது. ஒப்பந்தம், பில், அந்தப் பணம் வந்து விழுந்த வங்கிக் கணக்குப் பக்கம் மூன்றையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி இணையுங்கள். ‘வெப்சைட் செய்தல்’ என்று பில்லில் எழுதினால் நிரலாக்க வேலையாக எடுத்துக்கொள்ளக்கூடும். ‘வெப்சைட்டின் காட்சி வடிவமைப்பு’ என்று செய்ததைச் செய்தபடி எழுதுங்கள். முடிவுக்கு மாதங்கள் ஆகும். காப்பீடு நீங்கள் முதலில் தெரிவித்த நாளிலிருந்து கணக்காகும் என்பதால், சான்றுகள் முழுதாகச் சேரும்வரை தாமதிக்காமல் முதல் கடிதத்தை அனுப்பிவிடுவது லாபம். ஆனால் ஏற்றுக்கொண்டதும் பழைய மாதங்களின் தொகையும் சேர்ந்து ஒரே கடிதத்தில் வரும். அதற்கென்று மாதம் 200 யூரோவைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்.

“நீங்கள் கேஎஸ்கே உறுப்பினர் என்றால் எங்களுக்குச் செலவு, அதனால் பில்லில் 5% குறைத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்கும் வாடிக்கையாளர் நிச்சயம் வருவார். 2025இல் தீர்வை 5% ஆக இருந்தது உண்மை. ஆனால் நீங்கள் உறுப்பினரோ இல்லையோ, தீர்வைக்கு உட்பட்ட நிறுவனம் அதைக் கட்டியாக வேண்டும். கலைஞரின் தலையில் ஏற்ற முடியாது. பணிவாக, எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

வேலை எங்கிருந்து வருகிறது? விளம்பரங்களிலிருந்து குறைவு. இங்கே ‘இனிஷியாட்டிவ்’ விண்ணப்பம் என்ற வழக்கம் உண்டு: காலியிடம் அறிவிக்காத ஸ்டுடியோவுக்கும் நேரடியாக எழுதலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பத்து வரி மடல், அந்த ஸ்டுடியோவின் வேலைக்குப் பொருந்தும் 5 படங்கள், உங்கள் நாள் கட்டணம், எந்த வாரத்திலிருந்து கிடைப்பீர்கள் என்ற தகவல். பொதுவான 40 பக்கப் பிடிஎஃப் திறக்கப்படாமலே கிடக்கும். மடல் ஜெர்மனில் இருக்கட்டும், பேச்சு ஆங்கிலத்தில் நடந்தாலும். சினிமா, தொலைக்காட்சிப் பணியாளர்களுக்கு க்ரூ யுனைடெட், டிசைனர்களுக்கு டாஸ் ஆவ்கே ஆகிய தளங்களில் பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. புத்தக ஓவியர்கள் மார்ச் மாத லைப்சிக், அக்டோபர் மாத ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிகளுக்குச் சில வாரங்கள் முன்பே பதிப்பகங்களுக்கு எழுதி நேரம் கேட்க வேண்டும். கண்காட்சி நாளில் கையில் கோப்போடு போனால் பதிப்பாசிரியரைப் பார்ப்பது அரிது.

கட்டணம் சொல்வதில்தான் நம்மவர்கள் அதிகம் இழக்கிறார்கள். ரூபாயில் மாற்றிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஆண்டில் பில் போடக்கூடிய நாள் 100ஐத் தொட்டாலே நல்ல ஆண்டு. மிச்சம் தேடலுக்கும் கணக்குக்கும் திருத்தத்துக்கும் போய்விடும். வீடு, காப்பீடு, வரி, மென்பொருள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 30,000 யூரோ வேண்டுமென்றால் நாளுக்கு 300 யூரோ. அதற்குக் கீழே போவது கையிலிருந்து போடுவது.

அதோடு நிற்காது. ஜெர்மன் சட்டப்படி பதிப்புரிமையையே விற்க முடியாது, பயன்பாட்டு உரிமையை மட்டும்தான் தர முடியும். அதனால் விலைக்கு இரண்டு பகுதி: வரைந்த உழைப்புக்கு ஒன்று, பயன்படுத்தும் உரிமைக்கு ஒன்று. ஓராண்டு, ஜெர்மனி மட்டும், இணையத்தில் மட்டும் என்றால் உரிமைத் தொகை சிறியது. காலவரம்பின்றி, உலகம் முழுவதும், வேறு யாருக்கும் தராமல் என்றால் அது உழைப்புக் கூலியை மிஞ்சிப் பல மடங்காகலாம். டிசைனர்கள் சங்கமான ஏஜிடி வெளியிடும் கட்டண ஒப்பந்தத்தில் இந்தப் பெருக்கெண்கள் இருக்கின்றன. பேரம் பேசும்போது அதைக் காட்டலாம். ஒப்பந்தத்தில் இடம், காலம், அவர்களுக்கு மட்டுமேயான உரிமையா என்பது மூன்றும் எழுதாமல் கோப்பை அனுப்பாதீர்கள். பணம் வராவிட்டால், கெடு தாண்டியும் பில் கிடைத்தும் 30 நாள் கழிந்தாலே நிறுவனம் தாமதத்தில் விழுந்துவிடும். பிறகு 40 யூரோ தாமதத் தொகையும் வட்டியும் கேட்க உரிமை உண்டு.

மூன்று நான்கு ஆண்டு கழிந்தால் வேறு வகைத் தொல்லை முளைக்கும். ஒரே ஏஜென்சி மாதா மாதம் வேலை தருகிறது, அவர்கள் மேசையில், அவர்கள் நேரத்துக்கு உட்கார்ந்து செய்கிறீர்கள். இது வசதியாகத்தான் இருக்கும். ஆனால் ஓய்வூதியக் காப்பீட்டு அலுவலகம் இதைப் போலி ஃப்ரீலான்ஸ் என்று முடிவுசெய்தால் நிறுவனம் பழைய காப்பீட்டுப் பங்களிப்பையெல்லாம் கட்ட நேரும், உறவு அன்றோடு முறியும். சின்னதாகவேனும் இரண்டாவது, மூன்றாவது வாடிக்கையாளரை வைத்திருங்கள். அனுமதி நீட்டிப்புக்கும் அது உதவும்.

கேஎஸ்கேவுக்கு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1க்குள் அடுத்த ஆண்டு லாபத்தின் மதிப்பீட்டைத் தெரிவிக்க வேண்டும். மாதத் தொகை குறையட்டும் என்று அதில் வேண்டுமென்றே குறைத்துக் காட்டும் வழக்கம் இருக்கிறது. பின்னாளில் வரி அலுவலகத்தின் வரி நிர்ணயக் கடிதத்தைக் கேட்டுச் சரிபார்ப்பார்கள் என்பது ஒருபுறம். மறுபுறம், மதிப்பீடு 3,900 யூரோ வரம்புக்குக் கீழே போய்க் காப்பீடு பறிபோனால் ஓய்வூதியப் பங்களிப்பும் நின்றுவிடும்; வழக்கமான நிரந்தர வசிப்புரிமைக்கு 60 மாத ஓய்வூதியப் பங்களிப்பு தேவை. கேஎஸ்கே வழியாகப் போன ஒவ்வொரு மாதமும் அதில் சேரும். தனியார் காப்பீடு மட்டும் எடுத்து, ஓய்வூதியத்துக்கு எதுவும் கட்டாமல் ஓட்டிய மாதங்கள் சேராது. ஓய்வூதியக் காப்பீட்டு அலுவலகத்திடம் பங்களிப்புப் பட்டியலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். விடுபட்ட மாதங்களை அதில் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.