ரெண்டே கால் வருஷம், 26,000 கிமீ, ஒரு ஆரஞ்சு லைட்டு

சகலை நேத்து ராத்திரி போன் பண்ணி "அண்ணே, ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சுல்ல, உங்க கார் மாடலையே எடுக்கலாம்னு இருக்கேன், எப்படி இருக்கு"ன்னு கேட்டாப்ல. சொல்ல ஆரம்பிச்சு அரை மணி நேரம் ஆகியும் பாதிக்கு மேல வரல, எழுதி அனுப்புறேன்னு வச்சுட்டேன், அதான் இது. நான் எடுத்தது 2023 ஜூலைல, நாலு மீட்டருக்குள்ள வர்ற டீசல் வண்டிக்கு அப்ப வரி 31%, 2025 செப்டம்பர் 22லருந்து 18%. பத்து லட்ச ரூவாய்க்கு ஒரு லட்சம் மிச்சம். அந்த வயித்தெரிச்சல இதுல சேக்கல.

இஞ்சின், சீட்டு, ஏசி எல்லாம் யூட்யூப்ல ஆயிரம் பேரு பேசிட்டானுங்க, எனக்கும் அதுல குறையே இல்ல. நாலு பேரு லக்கேஜோட கொடைக்கானல் ஏறும்போது செகண்டுல போட்டு மிதிச்சா அது இழுக்குற இழுவைக்கே காசு குடுக்கலாம். என் பிரச்சனை எல்லாம் மீட்டர்ல வர்ற ஒரே ஒரு ஆரஞ்சு லைட்டுதான். டப்பா மாதிரி ஒரு படம், உள்ள புள்ளி புள்ளியா. டிபிஎஃப்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தப்புறம் டீசல் வண்டி சைலன்சர் லைன்ல ஒரு ஃபில்டர் இருக்கும், அதான் டிபிஎஃப், புகைல வர்ற கரிய அது புடிச்சு வச்சுக்கும், ரொம்பினதும் வண்டியே கூட கொஞ்சம் டீசல் அடிச்சு சூடேத்தி அந்தக் கரிய எரிச்சிரும். அதுக்கு பேரு ரீஜென். ஆனா எரியணும்னா நிக்காம ஓடணும், எங்க மேனுவல்ல 60க்கு மேல ஒரு இருபது நிமிஷம்னு போட்டிருக்கு. மதுரைக்குள்ள 60ல இருபது நிமிஷம் ஓட்டணும்னா ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் கிளம்பணும். எனக்கு வில்லாபுரத்துலருந்து ஆபீஸ் நாலு கிலோமீட்டர், நடுவுல பிள்ளைய ஸ்கூல்ல விடணும். விக்கும்போது "தினம் எவ்வளவு ஓடும் சார்"னு அந்த ஷோரூம்ல ஒருத்தர் கூட கேக்கல, பெரிய அட்டை சாவிய கையில குடுத்து போட்டோ எடுத்து கேக் வெட்டி அனுப்பி வச்சாங்க.

மூணாவது மாசம் லைட்டு வந்துச்சு. போனேன். லேப்டாப்ப மாட்டி எரிச்சு விட்டாங்க, "நார்மல் சார், ஹைவேல ஓட்டுங்க"ன்னாங்க. பதினஞ்சு நாள்ல திரும்ப வந்துச்சு. திரும்ப போனேன். இப்படி பதினாலு மாசத்துல அஞ்சு தடவ. அஞ்சு தடவையும் வாட்டர் வாஷ் மட்டும் பிரமாதமா இருந்துச்சு, குறை சொல்லக்கூடாது. மூணாவது தடவதான் வீட்டுக்கு வந்து பழைய ஜாப் கார்டு, அதான் வண்டிய விடும்போது என்ன குறைன்னு எழுதிக் குடுக்குற பேப்பர், எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன், நான் லைட்டு எரியுதுன்னு நின்னு சொன்னதெல்லாம் ஒரு இடத்துலயும் இல்ல, "ஜெனரல் செக்கப்"னு அடிச்சு வச்சிருக்கான். ரெண்டாவது தடவ போனதுக்கு "வாஷிங்" மட்டும். அதாவது நாளைக்கு நான் கேஸ் போட்டாலும் இந்த வண்டி வாஷ்க்குத்தான் வந்துச்சுன்னு பேப்பர் சொல்லும். அன்னைக்கு வந்த கோவம் இருக்கே. அடுத்த தடவ சர்வீஸ் அட்வைசர் பக்கத்துலயே நின்னுக்கிட்டு நான் சொன்னத அப்படியே டைப் பண்ண வச்சேன். தம்பி டைப் பண்ணிட்டு "ஃபீட்பேக் கால் வரும் சார், பத்து போட்ருங்க, ஒம்போது போட்டாலும் எங்களுக்கு சம்பளத்துல பிடிப்பாங்க"ன்னான். பாவமாத்தான் இருந்துச்சு. பத்துதான் போட்டேன், என்னத்த சொல்ல.

அஞ்சாவது தடவ மேனேஜரே வந்தாரு. உங்க டிரைவிங் ஸ்டைல்தான் சார் காரணம், இப்படியே போனா ஃபில்டர் மாத்தணும், ஒன்றரை லட்சம் ஆகும், வாரண்டில வராதுன்னு ஏசி ரூம்ல உக்காந்து காபி குடுத்து சொன்னாரு. ஒன்றரை லட்சம்! நானும் நம்பிட்டேன், அதுதான் கேவலம். வீட்ல இருக்குறவங்க வேற "நீங்க உருட்டி உருட்டி ஓட்டுறீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்"னு சேந்துக்கிட்டாங்க.

அதனால லைட்டு வந்தா கரிய எரிக்க திருச்சி ரோட்டுல மேலூருக்கு கிளம்பிருவோம். சாப்பாட்ட முடிச்சிட்டு ஒம்போதரைக்கு மேல, மாட்டுத்தாவணி தாண்டி ஒத்தக்கடைலருந்து மிதிச்சா சிட்டம்பட்டி டோலு. டோலுக்கு முன்னாடி திரும்பினா ரீஜென் பாதில நின்னு போயிரும், அதனால கரி எரிக்கறதுக்கு டோலும் கட்டணும், மேலூர் வரைக்கும் போய் டீயோ பால்பன்னோ சாப்ட்டு திரும்புவோம். மொதல்ல தனியாத்தான் போனேன், அப்புறம் பொண்ணு நானும் வரேன்னா, அப்புறம் வீட்ல. நான் கடுப்புல ஓட்டுவேன், அதுக ரெண்டும் பின்னாடி பாட்டு பாடிக்கிட்டு வரும். நெஜத்த சொல்லணும்னா இந்த வண்டில நாங்க சந்தோஷமா போன டிரைவ் எல்லாம் ரிப்பேருக்கு போனதுதான்.

2024 நவம்பர்ல திருச்சில ஒரு கல்யாணம். மதுரைலருந்து நூத்தி முப்பது கிலோமீட்டர் ஒரே ஓட்டமா நாலு வழிச்சாலைல போயும் மறுநாள் காலைல லைட்டு. ஹைவேல ஓட்டுனா சரியாகும்னானே, இத விட ஹைவேக்கு எங்க போறது? அங்கயே இருக்குற அதே கம்பெனி சர்வீஸ்ல விட்டேன். அம்பது வயசு இருக்கும், ஒரு மெக்கானிக், லேப்டாப்ப மாட்டுறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்க உருவி ஆயில பாத்தாரு, "லெவல் மேல நிக்குது சார், டீசல் கலந்திருக்கு, இது அடிக்கடி எரிக்க டிரை பண்ணி பண்ணி விட்டிருக்கு"ன்னாரு. அப்புறம் லிஃப்ட்ல ஏத்தி டார்ச் அடிச்சு பாத்துட்டு என்னைய கூப்பிட்டாரு. ஃபில்டருக்கு முன்னாடி எவ்வளவு பிரஷர், பின்னாடி எவ்வளவுன்னு பாக்க ஒரு சென்சார் இருக்கு, அதுக்குப் போற ரப்பர் ஹோஸ்ல ஒரு வெடிப்பு, அதான் சென்சார் தப்புக்கணக்கு காட்டியிருக்கு. ஹோஸே விரல் நீளம்தான் இருக்கும். வளைச்சாத்தான் தெரியுது வெடிப்பே, நேரா புடிச்சா ஒண்ணும் தெரியாது. ஹோஸ் மாத்தி ஆயில் மாத்தி அனுப்புனாங்க, வாரண்டில, பில்லு பூஜ்யம். அந்த பழைய ஹோஸ கேட்டு வாங்கிட்டு வந்து டேஷ்போர்டுலயே வச்சிருக்கேன்.

அதுக்கப்புறம் லைட்டு வரல. டவுன்ல 13 குடுத்துக்கிட்டு இருந்த மைலேஜ் இப்ப 17. ஜாப் கார்டு போட்டோ எல்லாம் வச்சு 1915ங்கிற கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் நம்பர்ல கம்ப்ளைன்ட் போட்டேன், கம்பெனிலருந்து "சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு மெயில் வந்துச்சு, அவ்வளவுதான். மாவட்ட கமிஷன் வரைக்கும் போகலாம்னு தம்பி சொல்றான், எனக்குத்தான் லீவு இல்ல. பொண்ணு மட்டும் மாசத்துக்கு ஒருக்கா "அப்பா, லைட்டு வரலையா"ன்னு கேக்குது.

ஆக சகலை, உனக்கு தினம் அம்பது கிலோமீட்டர் ஓட்டம் இருக்கு, டீசல் செட்டாகும், வண்டி தங்கம், கண்ண மூடிக்கிட்டு எடுன்னுதான் எழுத உக்காந்தேன். இத டைப் பண்ணும்போதே அந்த ஷோரூம்லருந்து போனு. "சார் உங்க வண்டிக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி ஆஃபர் போயிட்டிருக்கு, டிபிஎஃப் எல்லாம் கவர் ஆகும்." கட் பண்ணிட்டேன்.

வாங்காத. டீசலும் வேணாம் அந்தக் கம்பெனியும் வேணாம். இல்ல, எடுத்தே ஆவேன்னா திருச்சில போய் எடு, அந்த மெக்கானிக் இன்னும் அங்க இருக்காரான்னு கேட்டுட்டு எடு.