குழாயைச் சொட்ட விடுவதா, வால்வை மூடுவதா?

மார்கழி விடியற்காலையில் 20 டிகிரி ஆனாலே குல்லாவும் மஃப்ளரும் தேடுகிற ஊர் நம் சென்னை. இங்கே இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். அதனால்தான் பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் வேலை என்றால், "டெக்ஸாஸ்னா நம்ம ஊர் வெயில்தான்" என்று நிம்மதியாகிவிடுகிறோம். என் தங்கை ஆஸ்டினுக்குப் போனபோது நானும் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன். பனி பழகாத ஊரில் பனி கொட்டினால் என்ன ஆகும் என்பது 2021 பிப்ரவரியில்தான் புரிந்தது.

பிப்ரவரி 15, திங்கட்கிழமை. இங்கே மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே நள்ளிரவு தாண்டி 1.25. மின்கட்டமைப்பு மொத்தமாகச் சரிந்துவிடாமல் இருக்கச் சுழற்சி முறையில் மின்வெட்டு என்றார்கள். ஆனால் பல வீடுகளுக்குப் போன கரண்ட் நாள்கணக்கில் திரும்பவில்லை. மாநிலம் முழுக்க 45 லட்சம் வீடுகளுக்கு மேல் இருட்டு. ஆஸ்டினில் மைனஸ் 13 டிகிரிக்கும் கீழே போனது.

தங்கை வீட்டில் எல்லோரும் சொன்னபடி, பைப் உறைந்து வெடிக்காமல் இருக்கக் குழாய்களைச் சொட்ட விட்டார்கள். எதிர் வீட்டில் தாம்பரத்திலிருந்து போன ஒரு குடும்பம். அந்த அம்மா 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர். கரண்ட் போனதுமே பாத்டப், பக்கெட், குக்கர், இட்லிப் பானை வரை தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, மெயின் வால்வை மூடிவிட்டார்.

அந்த ஊர் வீடுகள் பலவற்றில் பைப் சீலிங்குக்கு மேலே, பரணில் ஓடுகிறது. வெயிலுக்குக் கட்டிய வீடு என்பதால் அங்கே குளிருக்கு மறைப்பு குறைவு. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். உறைந்த கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறி, பைப் பிளக்கிறது. சொட்ட விட்டால் அந்த அழுத்தம் வெளியேறும். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறவரை இது நல்ல வழி, சுலபமான வழியும்கூட. வெந்நீர்க் குழாய், தண்ணீர்க் குழாய் இரண்டையும் நூல் போல விட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கரண்ட் இல்லாமல் வீடே உறைநிலைக்கு வந்துவிட்டால்? அதோடு ஊரே குழாயைத் திறந்து வைத்திருந்தால் தண்ணீர் அழுத்தம் என்ன ஆகும்? டெக்ஸாஸின் இன்னொரு நகரமான ஹூஸ்டனின் மேயர் அந்த வாரம், பைப்பைக் காப்பாற்றுவதற்காகக் குழாயைத் திறந்து விடாதீர்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. ஆஸ்டினிலும் 17ஆம் தேதி, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஊர் முழுக்க அறிவிப்பு. தங்கை வீட்டுக் குழாயில் சொட்டு நின்றுபோனது. பைப்பில் மிச்சமிருந்தது அப்படியே உறைந்தது. வெயில் வந்து உருகிய பிறகுதான் உடைசல் தெரிந்தது: ஹால் சீலிங் ஊறி, பலகை பொத்தென்று சோபா மேல் விழுந்ததை வீடியோவில் காட்டினாள். எதிர் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

என் கட்சி இதுதான்: கரண்ட் இருக்கிறவரை சொட்ட விடலாம். கரண்ட் போய் வீடு சில்லிட ஆரம்பித்தால் யோசிக்காமல் மெயினை மூட வேண்டும். மூடினால் மட்டும் போதாது. மாடியிலும் கீழேயும் குழாயைத் திறந்து பைப்பில் இருப்பதை வடிய விட வேண்டும். வாட்டர் ஹீட்டரையும் அணைத்துவிட வேண்டும். கழிவறைக்கு பக்கெட் தண்ணீர்தான். அது நமக்குப் புதிதா என்ன?

கதகதப்புக்கு எது என்பதில் மட்டும் சமாதானமே கிடையாது. இரண்டாம் நாள் தங்கை பேசினாள்.

"அக்கா, போன்ல சார்ஜ் இல்ல. கராஜ்ல காரை ஸ்டார்ட் பண்ணி உள்ள உக்காந்துக்கறோம். சூடாவும் இருக்கும்."

"கராஜ் கதவு திறந்திருக்காடி?"

"கரண்ட் இல்லாம எப்படிக்கா திறக்கும்?"

எனக்கு உடம்பெல்லாம் பதறியது. மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கதவைக் கையால் தூக்கலாம், காரை முழுசாக வெளியே எடுத்தபிறகு ஏறு என்று கத்தினேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, தலைச்சுற்றல், தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். ஹூஸ்டன் பக்கம் அந்த வாரம் நூற்றுக்கணக்கானவர்கள் இந்தப் புகையால் பாதிக்கப்பட்டார்கள். காரை மூடிய கராஜில் ஓட்டியவர்களும், கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களும் அவர்களில் உண்டு. கேஸ் அடுப்பை எரியவிட்டுச் சுற்றி உட்காருவதும் அதே ஆபத்துதான். இவற்றோடு ஒப்பிட்டால், வீட்டிலேயே சின்ன அறையில் எல்லோரும் ஒண்டிக்கொள்வது எவ்வளவோ மேல். ஜன்னலில் போர்வை, கதவிடுக்கில் சுருட்டிய துண்டு, மேலே மேலே போட்ட உடுப்பு. பனியில் நனைந்த பருத்தியை உடனே மாற்ற வேண்டும், அது உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

காரில் கிளம்பிப் போவதா, இருந்த இடத்தில் இருப்பதா? பனி பழகாத இன்னொரு அமெரிக்க ஊரான அட்லாண்டாவில் 2014 ஜனவரி 28 அன்று பெய்த பனி இரண்டு மூன்று அங்குலம்தான். பள்ளி, ஆபீஸ் எல்லாம் ஒரே நேரத்தில் விட்டதில் சாலைகள் அடைத்து, ராத்திரி முழுக்க ஜனங்கள் காரிலேயே கிடந்தார்கள்; குழந்தைகள் பள்ளியிலேயே படுத்தார்கள். வீட்டுக்குள் இருங்கள். வாசல் படிக்கு உப்பு பனிக்கட்டியை உருக்கும், ஆனால் குளிர் மைனஸ் 10ஐ நெருங்கினால் அவ்வளவாக வேலை செய்யாது; அப்போது மணல்தான், அது வழுக்காமல் பிடிப்பாவது கொடுக்கும்.

இந்தக் கார்த்திகையில் தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: மெயின் வால்வு எங்கே இருக்கிறதென்று தெரியுமா? போன தடவை அவளுக்குத் தெரியாது. முன்புறப் புல்தரையில் மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறதாம், திருப்ப நீளமான இரும்புச் சாவி வேண்டுமாம். வாங்கி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிப் படம் அனுப்பியிருக்கிறாள்.