ரதவீதி எலுமிச்சை எண்ணெய்: மணத்துக்கு நாலு ஸ்டார், லேபிளுக்கு ஒன்று

நெல்லை டவுன் ரதவீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் 10 மி.லி. குப்பியில் கிடைக்கிற எலுமிச்சை எண்ணெயை மணத்தில் குறை சொல்ல முடியாது. மூடியைத் திறந்ததும் பழத்தோலைக் கிள்ளிய வாசம். தரை துடைக்கிற தண்ணீருக்கும் டிஃப்யூசருக்கும் தாராளமாக வாங்கலாம். முகத்திலும் கையிலும் தடவ வாங்குகிறவர்களுக்குத்தான் இந்த விமர்சனம்.

எந்தப் பழம், எப்படி எடுத்தது என்ற இரண்டுமே லேபிளில் இருப்பதில்லை. "அண்ணாச்சி, இது தோலைப் பிழிஞ்சு எடுத்ததா, ஆவியில வடிச்சதா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒரிஜினல்தான்" என்று பதில் வரும். தோலைப் பிழிந்தெடுத்த ஒரிஜினல்தான் வெயிலுக்கு ஆகாது. தோலைப் பிழியும்போது ஃபியூரோகூமரின் வகைச் சேர்மங்கள், முக்கியமாக பெர்காப்டன், எண்ணெயோடு சேர்ந்து வந்துவிடும். அவை எளிதில் ஆவியாகாதவை என்பதால் வடித்த எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை. பெர்காப்டன் ஊறிய தோலில் புற ஊதா 'ஏ' கதிர் பட்டால் அந்த இடம் வெந்துபோகும். அன்றைக்கே தெரியாது. மறுநாள் சிவக்கும், இரண்டு மூன்று நாளில் கொப்பளிக்கும், ஆறிய பிறகு கரும்பழுப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும். அந்தத் திட்டு போக மறுபடி எலுமிச்சைத் தோலையே தேய்க்கிறவர்களும் உண்டு!

தடவிவிட்டு வெயிலில் போவதானால் அளவு முக்கியம். வாசனைப் பொருள் தொழிலின் உலக அமைப்பான இஃப்ரா வைத்திருக்கும் வரம்பு, பிழிந்த லெமன் எண்ணெய்க்கு 2 சதவீதம், லைமுக்கு 0.7, பெர்கமோட் என்கிற இன்னொரு சிட்ரஸ் பழத்தின் எண்ணெய்க்கு 0.4. புளியங்குடிச் சந்தையில் குவிகிற நம்ம ஊர் எலுமிச்சை லைம் இனம். ஆகவே லேபிளில் லெமனின் தாவரப் பெயரான 'சிட்ரஸ் லிமோன்' என்று தெளிவாகப் போடாதவரை 0.7 என்றே கணக்கு வையுங்கள். 30 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு 0.2 மி.லி. வரும். குப்பிக்குக் குப்பி துளியின் பருமன் மாறுவதால் துளி எண்ணுவதில் பயனில்லை. மெடிக்கலில் 40 கோடு போட்ட 1 மி.லி. இன்சுலின் சிரிஞ்ச் வாங்கி, ஊசியில்லாமல் 8 கோடு அளந்தால் சரியாக இருக்கும். பெர்கமோட்டையும் கலப்பதானால் இரண்டையும் பாதியாகக் குறைக்க வேண்டும், பாதிப்பு ஒன்றோடொன்று கூடும்.

அளவு மீறித் தடவியாயிற்று என்றால் குறைந்தது 12 மணி நேரம் அந்த இடத்தில் வெயில் படக்கூடாது, 18 என்றால் இன்னும் நல்லது. ராத்திரி ஒன்பதுக்குத் தடவியவர் காலை ஒன்பதுக்கு முன்னால் வெளியே தலைகாட்ட வேண்டாம். ஜங்ஷன் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாலும் 'ஏ' கதிர் பெருமளவு உள்ளே வரும். குற்றாலத்துச் சாரல் மேகமும் அப்படித்தான், சூடு தெரியாததால் ஏமாந்துபோவோம். மசாஜ் எண்ணெயில் இதைக் கலந்து தேய்த்துவிட்டு அருவியில் நின்றால் போய்விடும் என்று நினைக்கக் கூடாது. வெறும் தண்ணீருக்கு எண்ணெய் போகாது, சோப்புப் போட்டாலும் ஊறியது ஊறியதுதான். ஆனால் இந்த எண்ணெய் சேர்த்துச் செய்த, தேய்த்தவுடன் கழுவிவிடுகிற சோப்பு, ஷாம்பு வகையில் இந்தக் கவலை இல்லை.

முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்து "ஒண்ணும் ஆகலை" என்று நிம்மதி அடைவதிலும் அர்த்தமில்லை. அந்தச் சோதனை ஒவ்வாமையைக் காட்டும், வெயிலோடு சேர்ந்து வரும் புண்ணைக் காட்டாது.

பகலில் பூச, அதே அலமாரியில் லாவெண்டர், நீலகிரித் தைலம், ஸ்வீட் ஆரஞ்ச் இருக்கின்றன. மூன்றுக்கும் வெயில் பகையில்லை, தேங்காய் எண்ணெயில் கலந்துதான் பூச வேண்டும். எலுமிச்சம்புல் எண்ணெய்க்கும் வெயில் தொல்லை கிடையாது, ஆனால் அதிலிருக்கும் சிட்ரால் என்ற வாசனைச் சேர்மம் தோலை உறுத்தும் என்பதால் அதையும் 0.7 சதவீதத்துக்குள் வையுங்கள்.

பக்கத்தில் கார்போகரிசித் தைலம் இருந்தால் முகப்பொலிவுக்கென்று எடுத்துவிடாதீர்கள். வெண்புள்ளிக்காரர்கள் தடவிக்கொண்டு வெயில் காய்வதற்கென்றே உள்ள சரக்கு அது. அதிலிருக்கும் சோராலன் பெர்காப்டனுக்குப் பங்காளி, வைத்தியர் சொல்லாமல் தொடக்கூடாது.