இரைச்சல் நின்றது, எர்த்தும் போயிருந்தது: ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயரைக் கேபிள் டிவியின் செட்டாப் பாக்ஸுடன் இணைத்த நாள் முதல், பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்ற இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆடியோ கடை ஒன்றிலிருந்து வந்த டெக்னீஷியன், வீட்டு வயரிங்கில்தான் கோளாறு என்று சொல்லி, ‘நாய்ஸ் ஃபில்டர்’ வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் தங்க முலாம் பூசிய ஆர்.சி.ஏ. கேபிளையும் (ஆடியோ ஒயர்) என் தலையில் கட்டினார். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கையும் மாற்றிக் கொடுத்தார். இரைச்சல் நின்றதால் 8,700 ரூபாயை மறுபேச்சின்றிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து, ஒட்டடை அடிப்பதற்காகச் செட்டாப் பாக்ஸைக் கழற்றி எடுத்து வைத்திருந்தபோது, ஆம்ப்ளிஃபயரின் முகப்புத் தகட்டைத் துடைக்கப் போன என் மனைவி ‘சுரீர்’ என்றதும் கையை இழுத்துக்கொண்டார். டெஸ்டரை வைத்தால் விளக்கு எரிந்தது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கித் திறந்தேன். எர்த்துக்கான பச்சை ஒயர் குட்டையாக நறுக்கப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, ஓரமாக மடித்துச் செருகப்பட்டிருந்தது. பெரிய எர்த் பின்னில் எந்த ஒயரும் இல்லை.

எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் வந்து பச்சை ஒயரை மறுபடி இணைத்தார்; இரைச்சலும் திரும்பி வந்தது. செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருந்த கேபிள் ஒயரை மட்டும் கழற்றினார், உடனே அடங்கியது. வீட்டின் எர்த் ஒரு பக்கம், தெருவில் வேறெங்கோ எர்த் செய்யப்பட்ட கேபிளின் மேலுறைக் கம்பிவலை மறுபக்கம் என இரண்டு வழிகளும் ஆம்ப்ளிஃபயரில் சேர்ந்து ஒரு வளையமாகிவிட, அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டமே ஸ்பீக்கரில் இரைச்சலாகக் கேட்டது என்று விளக்கினார். டிவி சிக்னலை விட்டுவிட்டு அந்த வளையத்தை மட்டும் துண்டிக்கும், கேபிள் டிவி ஒயரில் பொருத்தும் ஐசொலேட்டர் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டியதோடு தொல்லை தீர்ந்தது. (டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இது ஒத்துவராது, கூரையில் டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. என்ற கருவிக்கு மின்சாரம் அதே ஒயர் வழியாகத்தான் போகிறது, ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிடும். அவர்கள் ஆடியோ ஒயரில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், அல்லது இரு கருவிகளிலும் வசதி இருந்தால் ஆப்டிகல் கேபிளுக்கு மாறலாம்.)

எர்த்தை வெட்டினாலும் அந்த வளையம் அறுபடும், இரைச்சல் நிற்கும். அதனால்தான் இந்த வேலை சரியானதுபோல் தெரிகிறது. ஆனால் உள்ளே ஃபேஸ் ஒயர் உடைந்து உலோகக் கூட்டைத் தொட்டால், 230 வோல்ட் அதிலேயே தங்கிவிடும், அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடினால் தானாக அணையும் எம்.சி.பி. சுவிட்ச் விழாது, தொடுபவரின் உடலே எர்த்துக்கு வழியாகும். வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் ஓரளவு காக்கும். எங்கள் வீட்டில் அன்று அதுவும் இல்லை.

கடையில் கேட்டதற்கு, “இரைச்சலை நிறுத்தச் சொன்னீர்கள், நிறுத்திக் கொடுத்தோம்” என்றார்கள், பணம் திரும்பவில்லை. யாராவது உங்கள் பிளக்கில் கைவைத்தால், அவர் படியிறங்குவதற்கு முன்பே அதைத் திறந்து, பச்சை ஒயர் பெரிய பின்னில் முறுக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.